சாம்பல் காத்த உறவு

பயணங்கள் பலவகை. வேண்டுதலை நிறைவேற்றச் செல்வது ஒரு வகை. உற்றார் உறவினரைக் கண்டு வரச் செல்வது மற்றொரு வகை. களைத்த உடலுக்கு ஓய்வு தேடிச் செல்வது இன்னொரு வகை. கற்பதற்கென்றே, அதுவும் தாய் தந்தையரும் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்து கற்பதற்கென்றே மேற்கொள்ளும் பயணம் நம்மிடையே இன்னும் அரிதாகவே உள்ளது. மேலை நாடுகளில் இது வேரூன்றிய வழக்கம். ஐந்தாறு குடும்பங்கள் ஒன்றுகூடி, வரலாறு கற்ற ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொள்கின்றனர். பழம்பெருமை வாய்ந்த கடற்கரை ஒன்றைத் தெரிந்துகொண்டு, ஒரு வாரம் நடந்தும் படகேறியும் அதனைக் கற்கின்றனர். இங்கிலாந்தில் செவிலியராய்ப் பணியாற்றும் என் மகளின் குடும்பத்தோடு 2025 மே மாத இறுதியில் அத்தகைய குழு ஒன்றில் சேரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. முப்பத்தோராண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்த நான், அந்த ஒரு வாரம் மாணவியாய் இருந்தேன்.

நாங்கள் சென்றது இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடா. வரைபடத்தில் பார்த்தால் அது நிலத்தைக் கடல் கடித்தெடுத்த பிறை போலத் தோன்றும். பிறையின் மேற்கு முனையில் பூமி இன்றும் மூச்சுவிடும் கந்தகக் குழிகள். கிழக்கில் 1,281 மீட்டர் உயர்ந்து நிற்கும் வெசூவியஸ் எரிமலை. இரண்டிற்கும் நடுவே இலட்சக்கணக்கானோர் வாழும் பெருநகர். எங்கள் குழுவில் ஆறு குடும்பங்கள், பதினொரு பிள்ளைகள். வழிகாட்டியாய் வந்த அம்மையார் முதல் நாளே பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு குறிப்பேட்டைக் கொடுத்தார். “இதில் விடைகளை எழுத வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு கேள்வி மட்டும் எழுதுங்கள்” என்றார். இரவு உணவுக்குப்பின் அக்கேள்விகளுள் ஒன்றை எடுத்து அனைவரும் உரையாடுவதே எங்கள் பாடம்.

முதல் நாள் பொட்சுவோலி. விவிலியம் இதனைப் புத்தெயோலி என்றழைக்கிறது. கப்பல் உடைந்து மால்தா தீவில் மூன்று மாதம் குளிர்காலத்தைக் கழித்த புனித பவுல், அலெக்சாந்திரியாவின் கப்பல் ஒன்றில் ஏறி, தென்றல் வீசவே இரண்டாம் நாளில் கரையிறங்கிய துறைமுகம் இதுதான். எகிப்தின் கோதுமை உரோமை மக்களின் பசியாற்ற இங்குதான் வந்திறங்கியது. நம் மிளகும் இவ்வழியே சென்றது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட முசிறியை அகநானூறு அறியும். மலபார்க் கரையில் ஏற்றிய மிளகு செங்கடல் கடந்து, நைல் ஆற்றில் மிதந்து, அலெக்சாந்திரியாவிலிருந்து இந்த வளைகுடாவை அடைந்தது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் நாணயத்தை இந்தியா விழுங்கிவிடுகிறது என்று தம் நூலில் குறைபட்டுக்கொண்டவர் மூத்த பிளினி. அவர் இதே வளைகுடாவின் மிசேனம் தளத்தில் கடற்படைத் தலைவராய் இருந்தவர். எரிமலை வெடித்தபோது மக்களை மீட்கக் கப்பல்களைச் செலுத்தி, இக்கரையிலேயே உயிர்நீத்தார். பொம்பேயியில் 1938இல் கிடைத்த இந்தியத் தந்தச் சிற்பம் ஒன்றும் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. திருமகள் எனத் தொடக்கத்தில் கருதப்பட்ட அச்சிற்பத்தை இன்று இயக்கி என்பர் அறிஞர்.

துறைமுகத்தின் அருகே பழைய அங்காடியின் மூன்று சலவைக்கல் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் நடுப்பகுதியில் கல்லைத் துளைத்து வாழும் கடற்சிப்பிகள் குடைந்த துளைகள் வரிசையாய்த் தெரிகின்றன. கரையில் நிற்கும் தூணில் கடற்சிப்பி எவ்வாறு வந்தது? பிள்ளைகளின் முதற்கேள்வி அதுவே. நிலம் தாழ்ந்து தூண்கள் கடலுள் நின்றன; பின்னர் நிலமே அவற்றை மேலே தூக்கியது. சார்லஸ் லயல் 1830இல் வெளியிட்ட தம் நிலவியல் நூலின் முகப்பில் இத்தூண்களின் படத்தையே வைத்தார். 1982 முதல் 1984 வரை மட்டும் இந்நகரின் தரை ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. 2005 முதல் மீண்டும் உயர்ந்து வருகிறது. 2024 மே 20 அன்று 4.4 அளவில் நிலம் அதிர்ந்தது. எனினும் மக்கள் அங்கே மீன் விற்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், திருமணம் செய்துவைக்கிறார்கள்.

எனக்கோ அத்துறைமுகத்தில் வேறொன்று மனத்தில் நின்றது. கரையிறங்கிய பவுல் கைதி. காவற்படைத் தலைவன் உடனிருக்கிறான். அந்நிலையிலும் அவ்வூரில் சகோதரர்களைக் கண்டதாகவும், அவர்கள் வேண்டிக்கொண்டதற்கிணங்க ஏழு நாள் அவர்களோடு தங்கியதாகவும் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. யார் அந்தச் சகோதரர்கள்? ஒருவர் பெயரும் குறிக்கப்படவில்லை. முன்பின் காணாத ஒரு கைதியை, பேரரசனின் நீதிமன்றத்திற்கு இழுத்துச் செல்லப்படும் ஒருவரை, எங்களோடு தங்குங்கள் என்று அழைத்தவர்கள். இரத்த உறவில்லை, ஒரே ஊரினர் இல்லை. இருந்தும் நூலாசிரியருக்குச் ‘சகோதரர்’ என்ற சொல் தயக்கமின்றி வந்திருக்கிறது.

மறுநாள் பாயாவில் கண்ணாடி அடித்தளம் கொண்ட படகில் ஏறினோம். உரோமைச் செல்வர்களின் கோடைமாளிகைகள் தரை தாழ்ந்து கடலடியில் கிடக்கின்றன. மொசைக்குத் தளத்தின் மேல் மீன் கூட்டம் நீந்திச் செல்வதைக் கண்டு பிள்ளைகள் ஆரவாரித்தனர். அங்கே அதிகம் சொல்வதற்கில்லை. பெருஞ்செல்வம் நீருக்கடியில் அமைதியாய் இருந்தது.

அன்று மாலை நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். என் மகளுக்குப் பிள்ளைகள் இருவர். மூத்தவள் இரண்டு வயதில் ஓர் அன்பு இல்லத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். இளையவன் அதன்பின் பிறந்தவன். இதனை நாங்கள் மறைத்ததில்லை, பறைசாற்றியதும் இல்லை. குழுவில் ஒரு பெண்மணி, தீய எண்ணம் ஏதுமின்றி, “இருவரில் உங்கள் சொந்தப் பேரப்பிள்ளை யார்?” என்று என்னிடம் கேட்டார். “இருவரும்” என்றேன். அவர் சிரித்து மழுப்பி நகர்ந்துவிட்டார். ஆனால் பன்னிரண்டு வயதான என் பேத்தி இரண்டு நாற்காலி தள்ளி அமர்ந்திருந்தாள். அன்றிரவு அவளது குறிப்பேட்டில் கேள்வி ஏதும் எழுதப்படவில்லை.

மூன்றாம் நாள் எர்க்குலானியம். கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது பொம்பேயியின்மேல் நுரைக்கல் மழையாய்ப் பொழிந்தது. எர்க்குலானியத்திலோ முதலில் பெரிதாய் ஒன்றும் விழவில்லை. பலர் தப்பிச் சென்றனர். எஞ்சியோர் கடற்கரைக்கு ஓடி, படகுகள் நிறுத்தும் வளைவறைகளில் அடைக்கலம் புகுந்து, கடல்வழியாய் மீட்பு வருமென்று காத்திருந்தனர். நள்ளிரவுக்குப்பின் மலையிலிருந்து தகிக்கும் சாம்பலும் வளியும் சரிந்து வந்து அனைவரையும் ஒரே கணத்தில் மூடின. பின்னர் வந்து குவிந்தவை நகரை ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் புதைத்தன. கடலே சில நூறு மீட்டர் பின்வாங்கியது. 1980க்குப் பின்னரே அந்த வளைவறைகள் தோண்டப்பட்டன. ஏறக்குறைய 300 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2024இல் அப்பழங்கடற்கரை பார்வையாளருக்கு மீண்டும் திறக்கப்பட்டது.

அங்கே நாங்கள் கண்டவை எலும்புகளின் வார்ப்புகளே. இருப்பினும் ஒருவரும் பேசவில்லை. வழிகாட்டி மெல்லிய குரலில் ஒரு செய்தியைச் சொன்னார். வளைவறைகளுக்குள் கிடந்தோரில் பெண்களும் பிள்ளைகளுமே மிகுதி. வெளியே திறந்த மணலில் கிடந்தோரில் ஆண்களே மிகுதி. அவர்களுள் ஒருவர் வாளும் இடைக்கச்சையும் அணிந்து, முதுகில் தச்சுக்கருவிகள் சுமந்த படைவீரர். உள்ளே இருந்த இடத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு வெளியே நின்றார்களா, படகுகளை நீரில் இறக்க முயன்றார்களா என்பதை எலும்பு சொல்லாது. ஆனால் யார் உள்ளே இருந்தனர் என்பதை அது சொல்கிறது. எங்கள் குழுவின் தந்தையர் தம்மையறியாமல் பிள்ளைகளின் தோளில் கைவைத்ததை நான் கண்டேன். பயணத்தின் பயன் அப்பொழுதே பாதி கிட்டிவிட்டது.

நான்காம் நாள் பொம்பேயி. ஏறத்தாழ 66 எக்டேர் பரப்புள்ள நகரம். அதில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவில்லை. தெருவைக் கடக்க இடப்பட்ட உயர்ந்த கற்கள், அவற்றின் இடையே வண்டிச் சக்கரம் தேய்த்த தடங்கள், மாவரைக்கும் எரிமலைக்கல் திரிகைகள், ஓர் அடுமனையில் கரிந்தபடியே கிடைத்த 81 அப்பங்கள் என எத்தனையோ கண்டோம். பிள்ளைகளைக் கவர்ந்தவை அந்த அப்பங்களே. சமைத்தவர் உண்ணவில்லை, வாங்க வந்தவரும் உண்ணவில்லை.

பிறகு ‘ஓடியோர் தோட்டம்’ எனப்படும் இடத்திற்கு வந்தோம். 1961இல் அங்கே பதின்மூவர் கிடக்கக் கண்டனர். சாம்பல் இறுகி, உள்ளிருந்த உடல் அழிந்து, வெற்றிடம் மட்டும் எஞ்சியது. அவ்வெற்றிடத்தில் சாந்தைக் கரைத்து ஊற்றி உருவத்தை மீட்கும் முறையை 1863இல் கண்டவர் ஜுசெப்பே பியொரெல்லி. இல்லாமையிலிருந்து உருவம் எடுக்கும் அந்த முறையைக் கேட்டபோது பிள்ளைகள் வியந்தனர். ஓடியவர்கள் எதை எடுத்துச் சென்றனர் என்று ஒரு சிறுவன் கேட்டான். நாணயம், நகை, இவற்றோடு வீட்டுச் சாவி என்றார் வழிகாட்டி. பொம்பேயியில் இறந்தோர் பலரிடம் சாவிகள் இருந்தன. திரும்பி வருவோம் என்று நம்பியவர்கள்தாமே கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வர்!

அங்கே நின்றபடியே அவர் ஒரு படத்தைக் காட்டினார். பொற்கடக வீடு என்றழைக்கப்படும் மாளிகையில், தோட்டத்திற்கு இறங்கும் படிக்கட்டின் அடியில், 1974இல் கண்டெடுக்கப்பட்டோரின் வார்ப்பு அது. கனத்த பொற்கடகம் அணிந்த ஒருவர். அவர் இடுப்பருகே ஒரு குழந்தை. ஐம்பது ஆண்டுகளாய் உலகம் இவர்களைத் தாயும் சேயும் என்றே சொல்லி வந்தது. பொன் இருந்தது, மடியில் குழந்தை இருந்தது, வேறென்ன சொல்வது? 2024 நவம்பரில் வெளியான மரபணு ஆய்வு அக்கதையை மாற்றிவிட்டது. பிளாரன்ஸ், ஆர்வர்டு பல்கலைக்கழக அறிஞர்களும் செருமனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரும் சாந்தோடு கலந்த எலும்புத் துணுக்குகளை ஆராய்ந்தனர். குழந்தையை வைத்திருந்தவர் பெண்ணல்லர், ஆண். அக்குழந்தைக்கும் அவருக்கும் இரத்த உறவு ஏதுமில்லை.

குழு சற்றே ஏமாற்றமடைந்தது. “அப்படியானால் அது குடும்பமே இல்லையா?” என்று யாரோ கேட்டார். அப்பொழுதுதான் என் பேத்தி வாய்திறந்தாள். அவள் வழிகாட்டியைப் பார்த்துக் கேட்கவில்லை. என் கையைப் பற்றிக்கொண்டு தமிழில் கேட்டாள். “அம்மாச்சி, அவர் அந்தப் பிள்ளையின் அப்பா இல்லையென்றால், ஏன் அதை வைத்திருந்தார்?”

அக்கேள்வியை அவள் அன்றிரவு குறிப்பேட்டில் எழுதினாள். வழிகாட்டி அதையே உரையாடலுக்கு எடுத்துக்கொண்டார். அவர் ஒரு கதையை அழித்து இன்னொரு கதையைக் கட்ட விரும்பாதவர். “அவர் அவ்வீட்டு அடிமையாய் இருந்திருக்கலாம், கடமைக்காக வைத்திருந்திருக்கலாம். தாயை மணந்த இரண்டாம் கணவராய் இருந்திருக்கலாம். அண்டை வீட்டாராய் இருந்திருக்கலாம். தெருவில் அழுதுகொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டவராகவும் இருக்கலாம். முன்னோர் செய்ததுபோல் நாமும் நமக்குப் பிடித்ததை எழுதிவைக்க வேண்டாம்” என்றார். பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். இறுதியாக என் பேத்தி எழுந்தாள். “அவர் அப்பா இல்லை என்று சோதனை சொல்கிறது. அவர் குழந்தையைக் கீழே விடவில்லை என்று சோதனை சொல்லவில்லை, அது பார்த்தாலே தெரிகிறது” என்றாள். முன்னாள் மாலை என்னிடம் வினவிய அந்தப் பெண்மணி தலைகுனிந்து கண்களைத் துடைத்துக்கொண்டார். பின்னர் எழுந்து வந்து என் பேத்தியின் அருகில் அமர்ந்து, அவளது குறிப்பேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பவுல் செசரியாவில் சிறைப்பட்டிருந்தபோது ஆளுநர் பெலிக்சும் அவன் மனைவி துருசில்லாவும் அவரை அழைத்துக் கேட்டதை நினைத்துக்கொண்டிருந்தேன். நீதியையும் தன்னடக்கத்தையும் வரவிருக்கும் தீர்ப்பையும் பற்றி அவர் பேசியபோது பெலிக்ஸ் அஞ்சினான். நேரம் வாய்க்கும்போது அழைப்பதாய்ச் சொல்லி அனுப்பிவிட்டான். அந்த இணையருக்குப் பிறந்த மகன் அக்ரிப்பா, வெசூவியஸ் வெடித்தபோது மாண்டான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதிவைத்திருக்கிறார். அரச குருதி அவனைக் காக்கவில்லை. இதைத் தண்டனை என்று நான் சொல்லமாட்டேன். பெற்றோர் ஒத்திப்போட்டதற்காகப் பிள்ளையை எரிக்கும் கடவுளை நற்செய்தி எனக்குக் காட்டவில்லை. ஆயினும் ‘நேரம் வாய்க்கும்போது’ என்ற சொல் அந்தச் சாவிகளைப் போலவே என் உள்ளத்தில் கனத்தது.

ஐந்தாம் நாள் இன்றைய பொம்பேயி ஊரிலுள்ள செபமாலை அன்னையின் பேராலயத்திற்குச் சென்றோம். அதனை எழுப்பியவர் பர்த்தோலோ லோங்கோ என்னும் வழக்கறிஞர். இளமையில் ஆவியுலக வழிபாட்டில் சிக்கி, பின்னர் விசுவாசத்திற்குத் திரும்பியவர். 1872இல் ஒரு சீமாட்டியின் நிலங்களை மேற்பார்வையிட இப்பள்ளத்தாக்கிற்கு வந்தார். வறுமையும் காய்ச்சலும் அறியாமையும் நிறைந்த ஊராய் அது இருந்தது. 1875இல் அவர் கொணர்வித்த பழைய அன்னையின் படம் எருவண்டியில் வந்து சேர்ந்தது. அதைச் சுற்றி எழுந்ததே பேராலயம். ஆலயத்தோடு அவர் நிற்கவில்லை. 1887இல் அனாதைச் சிறுமியருக்கு ஓர் இல்லம். 1892இல் சிறைக்கைதிகளின் மகன்களுக்கு ஓர் இல்லம். குற்றவாளியின் குருதியில் குற்றம் ஓடுகிறது, அவன் பிள்ளையைத் திருத்த இயலாது என்று அக்காலத்து அறிஞர் சிலர் நூல் எழுதிக்கொண்டிருந்தனர். லோங்கோ வாதிடுவதோடு நில்லாமல், அப்பிள்ளைகளை வளர்த்துக் காட்டினார். நாங்கள் சென்றுவந்த அதே ஆண்டு அக்டோபர் 19 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அப்பேராலயத்தில் மண்டியிட்டபோது எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. நம் மீட்பின் வரலாறே ஒரு வளர்ப்புத் தந்தையின் வீட்டில் தொடங்குகிறது. நாசரேத்தூர்த் தச்சருக்கும் அவர் தூக்கி வளர்த்த பிள்ளைக்கும் மரபணுச் சோதனை என்ன சொல்லியிருக்கும்? எகிப்துக்கு ஓடிய இரவில் அக்குழந்தையை ஏந்திய கரங்கள் யாருடையவை? திருக்குடும்பத்தின் படத்தை வீட்டில் மாட்டிவைத்திருக்கும் நாம், தத்தெடுத்த குழந்தையைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். ‘பாவம், யார் பெற்றதோ’ என்கிறோம். திருமணப் பேச்சில் அதை ஒரு குறையாய் எண்ணுகிறோம். குருதியைப் போற்றும் இந்த வழக்கம் சாதியைப் போற்றும் வழக்கத்தின் உடன்பிறப்பே. இரண்டையும் ஒருங்கே களையாமல் ஒன்றை மட்டும் களைய முடியாது.

இறுதி நாளில் எரிமலையின் வாய்வரை ஏறினோம். அது கடைசியாய் வெடித்தது 1944 மார்ச்சில். இன்று அதன் அடிவாரத்தில், பேரிடர்க் காலத்தில் முழுவதுமாய் வெளியேற்றப்பட வேண்டிய செவ்வெல்லைக்குள், ஏறத்தாழ 7 இலட்சம் பேர் வாழ்கின்றனர். கீழே கடல் நீலமாய்க் கிடந்தது. திராட்சைத் தோட்டங்கள் பசுமையாய் இருந்தன. “இவர்கள் ஏன் வேறெங்கும் போகவில்லை?” என்று பேரன் கேட்டான். அவனுடைய அப்பா, “இது அவர்கள் வீடு” என்றார். வேறு விடை எனக்கும் தோன்றவில்லை. நாம் எல்லாரும் ஏதோ ஒரு மலையின் அடிவாரத்தில்தானே வாழ்கிறோம்?

வாசக அன்பர்களே, வெளிநாடு செல்ல வாய்ப்பும் பொருளும் வாய்த்தோர் சிலரே. இந்த முறை பயண முறையாய் மட்டும் இருக்க வேண்டுவதில்லை. சில குடும்பங்கள் சேர்ந்து, அருகிலுள்ள பழைய ஊர் ஒன்றிற்குச் சென்று, பிள்ளைகளிடம் விடைகளைத் திணிக்காமல் ஒரு கேள்வியை மட்டும் எழுதச் சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் வாய்மூடிக் கேளுங்கள். பிள்ளை தன் நெஞ்சில் எதைச் சுமந்து திரிகிறது என்பது தெரியவரும். வீட்டின் நான்கு சுவர்களுக்குள் கேட்க முடியாத கேள்வியை, ஈராயிரம் ஆண்டுப் பழைய சாம்பலின்முன் நின்று ஒரு பிள்ளை எளிதாய்க் கேட்டுவிடும்.

புத்தெயோலியில் ஏழு நாள் தங்கிய பவுல், அங்கிருந்து உரோமை நோக்கிக் கால்நடையாய்ச் சென்றார். அவர் வருவதைக் கேள்வியுற்ற உரோமைச் சகோதரர்கள், நகரிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலிருந்த அப்பியு சந்தைவரை சிலரும், மூன்று சத்திரம்வரை சிலரும் எதிர்கொண்டு வந்தனர். அவர்களைக் கண்டதும் பவுல் கடவுளுக்கு நன்றி செலுத்தித் துணிவு பெற்றார் என்கிறது திருநூல். புயலில் கலங்காதவர், கப்பல் உடைந்தபோதும் பிறரைத் தேற்றியவர், உறவென்று சொல்லத் தமக்கு யாருமில்லாத நாட்டில் சிலர் நடந்து வந்ததைக் கண்டு துணிவு பெற்றார். நம்மை எதிர்நோக்கி அவ்வாறு நடந்து வருபவர் எவரோ, நாம் யாரை நோக்கி அவ்வாறு நடந்து செல்கிறோமோ, அவர்களே நம் உறவினர்.